விருது, ரசிகர் சண்டை, எங்கள் ஊர்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் சினிமாக் கேள்விகள்

மாசி, பங்குனி வந்தால் ஒஸ்கார் கதை. இந்திய தேசிய விருது அறிவித்தால் இன்னொரு கிழமைக்கு அந்தக் கதை. பரந்தன் பக்கம் எங்கள் சனசமூக நிலையத்தில் மாதத்துக்கு ஒரு படம் போடுகிறோம், அதனால் கேள்வியெல்லாம் என்னிடம்தான் வருகிறது: படம் முடிந்து கதிரை அடுக்கும்போது, வட்ஸ்அப்பில், சலூனில், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும்போதும். நின்ற நிலையில் பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. அதனால் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே கேள்விகளை வைத்து முழுப் பதிலையும் எழுதிவிட்டேன். முதலிலிருந்து வாசியுங்கள், பின்னால் வருகிற பதில்களில் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

ஒஸ்கார் எண்டா என்ன அண்ணை, அதை ஆர் குடுக்கினம்? அமெரிக்க அரசாங்கமோ?

அரசாங்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஹொலிவூட்டில் 1927ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு அகடமி இருக்கிறது, படத்தொழிலில் இருக்கிறவர்கள்தான் அதன் உறுப்பினர்கள். நடிகர், இயக்குநர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், ஒலிப்பதிவாளர் என்று பிரிவு பிரிவாக இப்போது 10,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். தங்கள் தொழிலில் திறமாகச் செய்தவருக்கு அவர்களே வாக்களித்துக் கொடுக்கிற விருது அது. முதல் விழா 1929 மே மாதம் நடந்தது. எங்கள் மொழிக்காரரையும் உறுப்பினராகும்படி அழைத்திருக்கிறார்கள்: சூர்யாவை 2022இல், மணிரத்னத்தை 2023இல், கமல்ஹாசனை 2025இல்.

பரிசுக் காசு எதுவும் இல்லை. தங்க முலாம் பூசிய வெண்கலச் சிலை மட்டும்தான், உயரம் 34 சென்ரிமீற்றர், நிறை நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதை விற்க நினைத்தால் முதலில் அகடமிக்கே ஒரு டொலருக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கிறது. விழா அங்கே ஞாயிறு பின்னேரம், எங்களுக்குத் திங்கள் விடியப்புறம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கண்விழித்துப் பார்க்கத் தேவையில்லை, காலைமை எழும்பினால் முழுப் பட்டியலும் கிடைக்கும்.

இந்திய தேசிய விருதும் அதே மாதிரியோ?

இல்லை, அது இந்திய அரசாங்கம் கொடுப்பது. 1954இல் தொடங்கியது. அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் வாக்களிப்பதில்லை, ஒவ்வொரு வருடமும் புதிதாக நியமிக்கிற ஒரு சின்ன நடுவர் குழு படங்களைப் பார்த்து, இருந்து கதைத்து முடிவெடுக்கும். முதலில் பிராந்தியக் குழுக்கள் வடிகட்டும், பிறகு மத்திய குழு தீர்மானிக்கும். அந்த வருடத்துக்குள் இந்தியத் தணிக்கைச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும், படத்தைப் போட்டிக்கு முறைப்படி அனுப்பியும் இருக்க வேண்டும். அனுப்பாத படத்தை நடுவர்கள் தேடிப் போய்ப் பார்க்க மாட்டார்கள்.

அந்த விருதில் இந்தியாவின் ஆகச் சிறந்த படம் என்ற தங்கத் தாமரையை முதலில் வாங்கிய தமிழ்ப் படம் மறுபக்கம், 1990ஆம் ஆண்டுக்கு. பிறகு காஞ்சிவரம், அதற்குப் பிறகு சூரரைப் போற்று.

எங்கட நாட்டில விருது இல்லையோ?

இருக்கிறது. சரசவிய விருது 1964இலிருந்து இருக்கிறது, அந்தப் பெயருள்ள சினிமாப் பத்திரிகையோடு சேர்ந்து வந்தது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் சிங்களப் படமான கம்பெரலிய 1965இல் டெல்லித் திரைப்பட விழாவில் தங்க மயில் விருது வாங்கியது. தமிழில் இங்கே எடுத்த படங்கள் கொஞ்சம், அதனால் விருதுக் கதையும் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலும் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த பொன்மணியை எங்காவது போட்டால் விடாமல் பாருங்கள்.

ரிவியில காட்டுற விருது விழாக்கள் எல்லாம் உண்மையான விருதோ?

விருது உண்மைதான், ஆனால் அதன் முதல் வேலை ரிவி நிகழ்ச்சியாக இருப்பது. நட்சத்திரங்கள் வந்து முன்வரிசையில் இருந்தால்தான் சனம் பார்க்கும், சனம் பார்த்தால்தான் விளம்பரம் வரும். அதனால்தான் "மக்களின் அபிமான நாயகன்", "இந்த ஆண்டின் நட்சத்திரம்" என்று புதிது புதிதாகப் பிரிவுகள் முளைக்கின்றன. பாட்டு, ஆட்டம், பகிடி எல்லாவற்றையும் ரசித்துப் பாருங்கள். யார் நல்ல நடிகர் என்ற வாக்குவாதத்துக்கு அதைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

வோட்டை எப்பிடி எண்ணுறவை? முதலாவதா வந்த படமும் தோற்குமாமே?

தோற்கலாம், சிறந்த படம் என்ற பிரிவில் மட்டும். நாங்கள் இதை 2024 செப்டெம்பரில் நேரே பார்த்தோம். ஜனாதிபதித் தேர்தலில் ஒருவருக்கும் பாதிக்கு மேல் வாக்கு வரவில்லை, அதனால் இந்த நாட்டில் முதல் தடவையாக இரண்டாம், மூன்றாம் விருப்பு வாக்கை எண்ணினார்கள். ஒஸ்காரில் பத்துப் படத்துக்கும் 1, 2, 3 என்று விருப்பு வரிசை போடுவார்கள். ஒரு படமும் பாதியைத் தாண்டாவிட்டால் ஆகக் கடைசியில் நிற்கிற படத்தை நீக்கி, அதை முதலாவதாகப் போட்டவர்களின் வாக்குகளை அவர்களின் அடுத்த விருப்புக்கு மாற்றுவார்கள். பிறகும் வராவிட்டால் அடுத்த கடைசிப் படம் போகும். எங்கள் தேர்தலில் முதல் இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லோரையும் ஒரேயடியாக நீக்குவார்கள், அங்கே ஒவ்வொன்றாக நீக்குவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதன் விளைவை விளங்கிக்கொண்டால் பாதிச் சண்டை குறையும். மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் உயிராய் நேசித்து மற்றவர்கள் வெறுத்த படம் தோற்கலாம். ஓரளவு பேர் முதலாவதாகப் போட்டு, மற்றவர்களில் பலரும் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ போட்ட படம் வெல்லலாம். அதனால் "இதை விட அது நல்ல படம்" என்று ஒவ்வொரு வருடமும் ஆட்கள் கோபப்படுவதற்கு நியாயம் இருக்கிறது. மற்றப் பிரிவுகளில் ஆக அதிக வாக்கு எடுத்தவர் வெல்வார். இன்னொன்று, நடிகர்களை நடிகர்கள்தான் முதலில் பரிந்துரைப்பார்கள், இசையை இசைக்காரர் பரிந்துரைப்பார்கள், கடைசிச் சுற்றில்தான் எல்லோரும் எல்லாவற்றுக்கும் வாக்களிப்பார்கள். ஒரு பிரிவில் போட்டியிடுகிற எல்லாப் படத்தையும் பார்த்தால்தான் அந்தப் பிரிவில் கடைசி வாக்குப் போடலாம் என்ற விதியை 2025இல்தான் கொண்டுவந்தார்கள். அத்தனை வருடமும் அது இல்லாமல் ஓடியிருக்கிறது, எனக்கு அது பெரிய குறையாகத்தான் படுகிறது.

காசு குடுத்து வாங்கிறதுதானே எல்லாம்?

வாக்கைக் காசுக்கு வாங்குவது வேறு, பிரசாரத்துக்குக் காசு செலவழிப்பது வேறு. ஹொலிவூட் நிறுவனங்கள் விளம்பரம், சிறப்புத் திரையிடல், விருந்து என்று பெருந்தொகை செலவழிக்கின்றன, அதற்கு விதிகளும் இருக்கின்றன. காசில்லாத படம் வாக்காளரின் கண்ணிலேயே படாமல் போகும், அநியாயம் நடக்கிற இடம் அதுதான்.

யார் வாக்களிக்கிறார்கள் என்பதும் முக்கியம். கோல்டன் குளோப் விருதை நூறு பேர்கூட இல்லாத ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையாளர் சங்கம் கொடுத்து வந்தது. அதில் ஒரு கறுப்பின உறுப்பினர்கூட இல்லை என்று 2021இல் ஒரு பத்திரிகை எழுதியது, 2022 விழாவை ஒளிபரப்ப வழமையான ரிவி நிறுவனம் மறுத்தது, 2023இல் அந்தச் சங்கமே கலைக்கப்பட்டு விருது வேறு கைக்குப் போனது. ஒஸ்காரிலும் 2015, 2016 இரண்டு வருடமும் நடிப்புக்குப் பரிந்துரைத்த இருபது பேரும் வெள்ளையர்களாக இருந்ததால் பெரிய எதிர்ப்பு வந்தது, அகடமி பல நாட்டு ஆட்களையும் உள்ளே எடுத்தது. 2020இல் கொரியப் படமான பரசைற் சிறந்த படமாக வந்தது. சனம் கத்தினால் எதுவும் மாறாது என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

"ஒஸ்கார் போட்டியில் தமிழ்ப்படம்" எண்டு ஒவ்வொரு வருசமும் செய்தி வருது. பிறகு ஒண்டையும் காணேல்ல. பொய்யோ?

பொய் இல்லை, ஆனால் ஊதிப் பெருப்பித்த செய்தி. தகுதிப் பட்டியல், குறும்பட்டியல், பரிந்துரை, வெற்றி என்று நாலு படி இருக்கிறது. தகுதிப் பட்டியல் என்பது விதிப்படி வெளியாகி, விண்ணப்பம் சரியாகக் கொடுத்த எல்லாப் படங்களின் பெயர். அதில் நூற்றுக்கணக்கான படம் இருக்கும். சூரரைப் போற்று இருந்த பட்டியலில் 366 படம், ஜெய் பீம் இருந்ததில் 276, கங்குவா இருந்ததில் 323. பரிந்துரை என்றால்தான் உண்மையில் போட்டிக்குள் வந்ததாகக் கணக்கு, சிறந்த படத்துக்குப் பத்து, மற்றப் பிரிவுகளில் பெரும்பாலும் ஐந்து.

செய்தியில் "தகுதி" என்ற சொல் இருந்தால் அமைதியாக இருங்கள். "பரிந்துரை" என்று இருந்தால் சந்தோசப்படுங்கள்.

அப்ப "இந்தியா அனுப்பின படம்" எண்டுறது எது?

அது தனிப் பிரிவு. ஆங்கிலம் அல்லாத படங்களுக்கு ஒவ்வொரு நாடும் ஒரே ஒரு படம் அனுப்பலாம். 15 படம் குறும்பட்டியலுக்கு வரும், 5 பரிந்துரைக்கு வரும். இந்தியா அனுப்பிய தமிழ்ப் படங்களில் தெய்வமகன், நாயகன், அஞ்சலி, தேவர் மகன், குருதிப்புனல், இந்தியன், ஜீன்ஸ், ஹே ராம், விசாரணை, கூழாங்கல் இருக்கின்றன. ஒன்றும் கடைசி ஐந்துக்குள் வரவில்லை. இந்தியப் படங்களில் அந்த ஐந்துக்குள் வந்தவை மதர் இந்தியா, சலாம் பொம்பே, லகான் மூன்றும்தான்.

நாடு அனுப்பாத படமும் பொதுப் பிரிவில் தானாகப் போட்டியிடலாம். 2022இல் இந்தியா ஒரு குஜராத்திப் படத்தை அனுப்பியது, ஆர்ஆர்ஆர் படக்குழு தங்கள் பாட்டில் போய் 'நாட்டு நாட்டு' பாட்டுக்கு ஒஸ்கார் வாங்கியது. அதே இரவு முதுமலையில் யானைக்குட்டி வளர்த்த தம்பதியைப் பற்றிய தி எலிஃபன்ற் விஸ்பரேர்ஸ் குறும் ஆவணப்பட விருதை எடுத்தது. அதில் அவர்கள் தமிழில்தான் கதைக்கிறார்கள், ஆனால் எங்கள் பக்கம் அதைப் பார்த்தவர்கள் கொஞ்சப் பேர்தான்.

இளையராஜாவுக்குக் குடுக்காததை ரகுமானுக்கு மட்டும் ஏன் குடுத்தவை?

சலூனில் இதைக் கேட்டால் முடிவெட்டுகிறவரே கத்தரிக்கோலை நிறுத்திவிடுவார். ஒஸ்காரில் ஒரு படத்துக்கு வாக்குப் போட வேண்டுமென்றால் அது அந்த வருடத்துக்குள் அமெரிக்கத் தியேட்டரில் ஓடி, விண்ணப்பமும் போயிருக்க வேண்டும். இளையராஜா உச்சத்தில் இருந்த காலத்துத் தமிழ்ப் படங்கள் அந்தப் பாதையில் போகவே இல்லை, அதனால் அவரை யாரும் நிராகரித்ததாகச் சொல்ல முடியாது. ரகுமானுக்கு 2009இல் கிடைத்த இரண்டு ஒஸ்காரும் ஸ்லம்டோக் மில்லியனேர் என்ற பிரித்தானியப் படத்துக்கு. மேடையில் "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தமிழில் சொன்னார், அதைக் கேட்ட நிமிடம் இங்கே பலருக்கு இன்னும் ஞாபகம். அந்த வருடம் அதே படத்தின் இன்னொரு பாட்டுக்கு ரகுமானோடு சேர்த்துப் பரிந்துரைக்கப்பட்ட, எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடுகிற மாயா அருள்பிரகாசம் ஈழத்துப் பிள்ளை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்திய தேசிய விருதில் இரண்டு பேருக்கும் பல தடவை கிடைத்திருக்கிறது. இளையராஜாவுக்கு சிந்து பைரவி, ரகுமானுக்கு முதல் படமான ரோஜாவிலேயே. யார் பெரியவர் என்பதை ஒஸ்காரை வைத்து அளக்காதீர்கள், பாட்டைப் போட்டுக் கேட்டு அளந்து பாருங்கள்.

சிவாஜிக்கே சிறந்த நடிகர் தேசிய விருது குடுக்கேல்லையாம். பிறகென்ன விருது அது?

உண்மைதான், அந்த விருது அவருக்கு ஒருபோதும் கிடைக்கவில்லை. எம்.ஜி.ஆருக்கு ரிக்‌ஷாக்காரனுக்குக் கிடைத்தது. வீரபாண்டிய கட்டபொம்மனுக்காக சிவாஜிக்கு 1960இல் கெய்ரோவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது, கடைசியில் தாதாசாகேப் பால்கே விருதும் வந்தது. என்னைக் கேட்டால் இது அந்த விருதின் வரலாற்றில் ஒரு ஓட்டை, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு ஓட்டைக்காக முழு விருதையும் தூக்கி எறிந்தால், மூன்றாம் பிறைக்குக் கமலுக்கும் பிதாமகனுக்கு விக்ரமுக்கும் ஆடுகளத்துக்குத் தனுஷுக்கும் கொடுத்ததையும் சேர்த்து எறிய வேண்டி வரும்.

ஜெய் பீமுக்கு ஒண்டும் இல்லை, கடைசி விவசாயிக்கு விருது. இது என்ன நியாயம்?

2021ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதை 2023 ஓகஸ்ற்றில் அறிவித்தபோது வந்த சண்டை இது. ஜெய் பீமுக்கு ஒரு பிரிவிலும் விருது இல்லை. சிறந்த தமிழ்ப் படம் கடைசி விவசாயி, அதில் நடித்த நல்லாண்டிக்கும் சிறப்புக் குறிப்பு. பொலிஸ் காவலில் அடிபட்டுச் செத்த ஒரு மனிதனுக்காக நீதிமன்றம் போகிற கதை இங்கே எவ்வளவு ஆழமாக இறங்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் படத்தை மறந்தது எனக்கும் மனவருத்தம்.

ஆனால் கடைசி விவசாயியைப் பார்க்காமலே திட்டுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. எங்கள் நிலையத்தில் அதைப் போட்ட அன்று பெடியள் பாதியில் எழும்பிப் போனார்கள், பின்வரிசையில் இருந்த வயல்கார ஐயாமார் ஒருத்தரும் அசையவில்லை. குலதெய்வத்துக்கு நெல் விளைவிக்க இறங்குகிற கிழவரை, வயலில் செத்துக் கிடந்த மயிலைப் புதைத்ததற்காகப் பொலிஸ் பிடிக்கும். எங்கள் பக்கத்தில் மயில் கூட்டமாக வந்து விதைநெல்லைப் பொறுக்குகிற தொல்லை எல்லோருக்கும் தெரியும். அந்தக் காட்சியில் ஒரு ஐயா எழும்பி நின்றே விட்டார். படம் முடிந்த பிறகு அவர் படத்தைப் பற்றிக் கதைக்கவில்லை, அந்தக் கிழவரின் பயிருக்கு யார் தண்ணி விட்டது, எத்தனை நாள் காய்ந்தது என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். நல்லாண்டியும் நிஜ வாழ்க்கையில் விவசாயிதான். அந்தச் சிறப்புக் குறிப்பு சரியான ஆளுக்குத்தான் போயிருக்கிறது.

ஆகவே இரண்டில் ஒன்றைத் தாழ்த்தித்தான் மற்றதை உயர்த்த வேண்டும் என்று இல்லை. ஜெய் பீமுக்கு நடிப்புக்கோ திரைக்கதைக்கோ கொடுத்திருக்கலாம், அதற்கு இடம் இருந்தது. நடுவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

விருது எடுத்த படம் எல்லாம் ஏன் இவ்வளவு மெதுவாப் போகுது?

எல்லாம் அப்படி இல்லை, ஆடுகளமும் அசுரனும் மெதுவோ? ஆனால் விழாப் படங்கள் அவசரப்படுவதில்லை, அது உண்மை. ஃபோனில் பார்த்தால் அலுக்கும். பெரிய திரையில், நாலு பேரோடு, ஃபோனை வைத்துவிட்டுப் பாருங்கள்.

ரொட்டன் ரொமேற்றோஸில 90 வீதம் எண்டா 100க்கு 90 மார்க்ஸோ?

இல்லை. அது விமர்சனங்களைத் தொகுக்கிற ஒரு இணையத்தளம். நூறு விமர்சகர்களில் தொண்ணூறு பேர் "பரவாயில்லை, பார்க்கலாம்" என்ற பக்கம் நிற்கிறார்கள் என்று அர்த்தம். தொண்ணூறு பேரும் சுமார் என்று சொன்னாலும் 90 வரும். மற்றது, வெளியான முதல் நாளே ரசிகர்கள் கூட்டமாகப் போய்ப் பத்துக்குப் பத்தும் எதிர்க்கட்சி ரசிகர்கள் பத்துக்கு ஒன்றும் போடுகிற புள்ளிகளை நம்பி வவுனியாவுக்கு பஸ் ஏறாதீர்கள்.

கன்னத்தில் முத்தமிட்டாலுக்கு ஆறு தேசிய விருது. ஆனா அது மாங்குளமே இல்லையாமே?

மாங்குளம் என்று காட்டியது மாங்குளம் இல்லை, இந்தியாவில் எடுத்தார்கள். படம் எடுத்த காலத்தில் இங்கே போர் நடந்தது. படம் வெளியானது 2002 பெப்ரவரி 14, போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது அதே மாதம் 22. ஏ9 வீதி திறந்ததே ஏப்ரலில்தான். எங்கள் காடு பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற வரண்ட காடு, திரையில் தெரிவது வேறு பச்சை. எங்கள் கதைபேச்சும் அதில் முழுசாக விழவில்லை. இதையெல்லாம் சொல்ல எங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

விருது எதற்குக் கொடுத்தார்கள் என்று பாருங்கள்: சிறந்த தமிழ்ப் படம், ரகுமானின் இசை, வைரமுத்துவின் பாட்டு, கீர்த்தனாவின் நடிப்பு, ஸ்ரீகர் பிரசாத்தின் படத்தொகுப்பு, ஒலிப்பதிவு. ஊரைச் சரியாகக் காட்டியதற்கு என்று ஒரு பிரிவு இல்லை. தன்னைப் பெற்ற தாயைத் தேடுகிற பிள்ளையின் முகம் உண்மையாக இருந்தது, அதற்குக் கொடுத்தார்கள்.

அந்த ஒலிப்பதிவு விருதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் நிலையத்தில் அந்தப் படத்தைப் போட்டபோது குண்டு விழும் இடத்தில் பின்னுக்கிருந்த மூன்று பெண்கள் ஒன்றாக எழும்பி வெளியே போய், வேப்பமரத்தடியில் நின்று, அந்தக் காட்சி முடிந்த பிறகுதான் உள்ளே வந்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. டெல்லியில் இருந்த நடுவர்களுக்குத் திறமாகக் கேட்ட சத்தம் இங்கே வேறு மாதிரிக் கேட்கும். போர்க் காட்சி இருக்கிற படம் என்றால் இப்போது முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம், அந்த இடத்தில் சத்தத்தையும் குறைக்கிறோம்.

தீபன் கானில முதல் பரிசு எடுத்ததே, பிறகேன் ஒஸ்காருக்குப் போகேல்ல?

ஜாக் ஓடியார் இயக்கிய தீபனுக்கு 2015இல் பிரான்ஸில் நடக்கிற கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருது கிடைத்தது. எழுத்தாளர் ஷோபாசக்திதான் அதில் தீபன். கானில் ஒன்பது பேர் கொண்ட நடுவர் குழு முடிவெடுத்தது, அந்த வருடம் கோயன் சகோதரர்கள் தலைமை. ஒஸ்காருக்கு ஒரு நாடு ஒரு படம் என்று மேலே சொன்னேன், அந்த வருடம் பிரான்ஸ் தீபனை விட்டுவிட்டு முஸ்டாங் என்ற துருக்கி மொழிப் படத்தை அனுப்பியது, அது கடைசி ஐந்துக்குள் வந்தது. இந்தியாவிலும் 2024இல் இதேதான் நடந்தது: கானில் இரண்டாவது பெரிய விருதை எடுத்த ஓல் வி இமாஜின் ஆஸ் லைற்றை விட்டு லாபதா லேடீஸை அனுப்பினார்கள்.

படத்தைப் பற்றிக் கேட்டால், முகாமிலிருந்து ஒருவருக்கொருவர் தெரியாத மூன்று பேர் குடும்பம்போல் நடித்துப் புறப்படுகிற முதல் பாதி எனக்கு நெஞ்சில் நிற்கிறது. கடைசிச் சண்டைக் காட்சியில் நான் படத்தை விட்டு வெளியே வந்துவிட்டேன். தங்கப் பனை கிடைத்தது என்பதற்காக அந்த முடிவை நான் ஏற்க வேண்டியதில்லை.

எங்கள் கதைக்கு வெளியே மதிப்பு வேண்டுமென்றால் தீபனோடு நிற்காதீர்கள். போருக்குப் பிறகு வீடு திரும்பும் ஒரு முன்னாள் போராளி தன் காதலியைத் தேடுகிற மணல் என்ற படத்துக்கு 2023இல் ரொட்டர்டாம் விழாவில் சிறப்பு நடுவர் விருது கிடைத்தது, இயக்கியவர் விசாகேச சந்திரசேகரம். கூழாங்கல்லுக்கு 2021இல் முதல் பரிசு கொடுத்த அதே விழா. இங்கே எத்தனை பேருக்கு இது தெரியும்?

எங்களைப் பிழையாக் காட்டின தொடரில நடிச்சதுக்கு விருது குடுக்கினம். கை தட்டுறதோ, கோவிக்கிறதோ?

தி ஃபமிலி மேன் இரண்டாம் பாகத்தைத்தான் சொல்கிறீர்கள். 2021இல் வந்தது, அதில் சமந்தா ஈழத்துப் போராளியாக நடித்தார். தமிழ்நாட்டு அரசே அதைத் தடைசெய்யச் சொல்லி மத்திய அரசுக்கு எழுதியது. பிறகு அந்த நடிப்புக்கு அவருக்கு, இணையத் தொடர்களுக்கும் படங்களுக்கும் கொடுக்கிற பிலிம்பேர் ஓரிரி விருது கிடைத்தது. நடிப்பு விருது, கொடுத்த பாத்திரத்தை எப்படிச் செய்தார் என்பதற்கு. அந்தப் பாத்திரம் எங்கள் வாழ்க்கைக்கு நியாயம் செய்ததா என்பது எழுதினவரிடமும் இயக்கினவரிடமும் கேட்க வேண்டியது. கோபம் நியாயம்தான், ஆனால் நடிகையின் சமூக ஊடகப் பக்கத்தில் போய் வாயில் வந்ததை எழுதுவது அந்தக் கோபத்தைக் கேவலப்படுத்தும்.

பார்க்காமலே ஒரு படத்தை எதிர்க்கலாமோ?

கிரிக்கெட் வீரர் முரளிதரனின் வாழ்க்கைப் படத்தில் நடிக்க ஒப்புக்கொண்ட விஜய் சேதுபதி, 2020இல் எதிர்ப்பு வந்ததும் விலகினார். வேறு நடிகரோடு 2023இல் படம் வந்தது. அப்போது எதிர்த்தவர்களுக்கு இருந்த காயம் எனக்கு விளங்குகிறது, ஒருவரின் வாழ்க்கையைக் கொண்டாடுகிற படத்துக்கு "நான் வரமாட்டேன்" என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு.

ஆனால் மற்றவர்கள் பார்க்கக் கூடாது என்பது வேறு. ஜூட் ரட்ணத்தின் டீமன்ஸ் இன் பரடைஸ் ஆவணப்படம் 2017இல் கானில் காட்டப்பட்டது, அடுத்த வருடம் யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவில் எதிர்ப்பு வந்து நிறுத்தப்பட்டது. அதில் தமிழ் இயக்கங்களைப் பற்றி வருகிற விமர்சனம் பலருக்குக் கசக்கும். கசப்பவர்கள் பார்த்துவிட்டு, மண்டபத்திலேயே எழும்பி நின்று, இந்த இடம் பிழை, அந்த இடம் அநியாயம் என்று சொல்லியிருந்தால் அது இன்னும் பலமான எதிர்ப்பாக இருந்திருக்கும். எங்கள் கதையை நாங்களே முதலில் பார்க்க முடியாமல் போனதுதான் எனக்கு ஆற்றாமை.

விருது எடுத்தவர் கூடாத வேலை செய்தா விருதைப் பறிக்கிறேல்லையோ?

பெரும்பாலும் இல்லை. 2022 ஒஸ்கார் மேடையில் வில் ஸ்மித் ஒருவரைக் கன்னத்தில் அறைந்தார், அதே இரவு சிறந்த நடிகர் விருதையும் வாங்கினார். பத்து வருடத்துக்கு விழாவுக்கு வர முடியாது என்று அகடமி தடை போட்டது, விருதைத் திருப்பி எடுக்கவில்லை. அது செய்து முடித்த வேலைக்குக் கொடுத்தது. ஆளின் குணத்துக்குக் கொடுத்த சான்றிதழாக நாங்களும் அதை எடுக்கக் கூடாது. பெண்களுக்கு அநியாயம் செய்தவர்களை விழா மேடைக்குக் கூப்பிட்டு மாலை போடுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை, விருது பழையதாக இருந்தாலும் மாலை இன்றைக்குப் போடுவதுதானே.

தம்பி, என்ர மகன் ஓஎல் படிக்கிறான். தன்ர நடிகரைப் பற்றி என்னவோ எழுதினதெண்டு சொந்த மச்சானோட கதைக்கிறேல்ல. என்ன செய்யிறது?

அக்கா, முதலில் அவனுடைய நடிகரைத் திட்டாதீர்கள். திட்டினால் உங்களோடும் கதைக்க மாட்டான். அவனுக்குப் பிடித்த ஒரு காட்சியைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், ஏன் பிடிக்கும் என்று கேளுங்கள். அந்த வயதில் ஒரு நாயகனைப் பிடித்துக்கொள்வது குற்றமில்லை. உங்கள் அப்பா காலத்தில் எம்.ஜி.ஆர், சிவாஜி என்று இதே சண்டை இருந்தது, அந்த இரண்டு பேரும் கூண்டுக்கிளியில் சேர்ந்து நடித்தவர்கள். விஜய்யும் அஜித்தும் 1995இல் ராஜாவின் பார்வையிலே படத்தில் சேர்ந்து நடித்தவர்கள், அதை மகனோடும் மருமகனோடும் சேர்ந்திருந்து பாருங்கள். அஜித் 2011இல் தன் ரசிகர் மன்றங்களையே கலைத்தார், பிறகு "தல" என்று கூப்பிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அவர்களே வேண்டாம் என்று சொல்கிற சண்டை இது.

ஒன்றில் மட்டும் கடுமையாக இருங்கள். முதல் காட்சிக்கு இரவோடு இரவாக மோட்டார்சைக்கிளில் மூன்று பேர் ஏறி ஏ9இல் ஓடுவதற்கும், கட்அவுட்டில் ஏறுவதற்கும் விடவேண்டாம். 2023 தைப்பொங்கல் நேரம் சென்னையில் முதல் காட்சிக் கொண்டாட்டத்தில் லொறியில் ஏறி ஆடிய ஒரு இளம் ரசிகர் விழுந்து செத்தார். பகல் காட்சிக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள், படம் அங்கேதான் இருக்கும்.

எங்கட பெடியள் ஒரு குறும்படம் எடுத்திருக்கினம். எங்க அனுப்பலாம், ஒஸ்காருக்கும் அனுப்பலாமோ?

இந்தக் கேள்வியை இன்னும் நிறையப் பேர் கேட்க வேண்டும். ஒஸ்காரில் குறும்படம் என்றால் பெயர்ப்பட்டியலோடு சேர்த்து 40 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும், அகடமி ஏற்றுக்கொண்ட விழா ஒன்றில் குறித்த பரிசை வென்றிருப்பது ஒரு வழி. அதனால் நேரே அங்கே ஓடாமல் விழாக்களில் தொடங்குங்கள். யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழா 2015இல் தொடங்கியது, பக்கத்தில் இருக்கிற வாசல் அதுதான். வெளிநாட்டு விழாக்களுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், பலவற்றுக்குக் கட்டணம் உண்டு, காசைக் கட்டமுதல் அந்த விழா எத்தனை வருடமாக நடக்கிறது, போன வருடம் எந்தப் படங்களைக் காட்டியது என்று தேடிப் பாருங்கள். பெயருக்கு மட்டும் நடக்கிற விழாக்களும் இருக்கின்றன.

மூன்று விசயம் கட்டாயம். ஆங்கில உபதலைப்பு இல்லாமல் அனுப்பாதீர்கள், எங்கள் பேச்சை ஆங்கிலத்தில் போடும்போது ஆங்கிலம் படிப்பிக்கிற ஒருவரிடமும் ஊர்க்காரர் ஒருவரிடமும் காட்டுங்கள். பின்னணியில் சினிமாப் பாட்டு ஒரு வரிகூட வேண்டாம், உரிமை இல்லாவிட்டால் படத்தையே எடுக்க மாட்டார்கள். உங்கள் ஊரில் பறை அடிக்கிறவரோ ஆர்மோனியம் வாசிக்கிறவரோ இருப்பார், அவரிடம் கேளுங்கள், அவர் பெயரையும் போடுங்கள். மற்றது, எடுத்த கையோடு யூரியூப்பில் ஏற்றாதீர்கள், இணையத்தில் வந்த படத்தைச் சில விழாக்கள் எடுப்பதில்லை. முதலில் எங்கள் நிலையத்தில் ஒரு தரம் போடுவோம். பின்வரிசை ஐயாமாரும் வேப்பமரத்தடிப் பெண்களும் பார்த்துச் சொல்வதைக் குறித்துக்கொண்டு, வெட்ட வேண்டியதை வெட்டிவிட்டு அனுப்புங்கள்.